ஜேன் ஏர்: காதல் கதைக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சார்லட் பிரான்டேயின் 'ஜேன் ஏர்' நாவல் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை தொடர்பாக இதை எழுதுகிறேன். 1847 அக்டோபரில் லண்டனில் வெளியான ஒரு நாவலுக்குத் தமிழ் நாளிதழில் இவ்வளவு இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை, ஜேனைக் 'காதலுக்காக எல்லாவற்றையும் துறந்தவள்' என்று சொல்லி முடிக்கிறது. நாவலில் நடப்பது இதற்கு நேர்மாறு. தான் ஆசிரியையாக வேலை பார்க்கும் தார்ன்ஃபீல்டு மாளிகையின் முதலாளி ராசெஸ்டரை உயிராக நேசிக்கும்போதே அவரை விட்டு வெளியேறுகிறாள் ஜேன். தன் பெயரில் ஐயாயிரம் பவுண்டு சேர்ந்த பிறகே திரும்பி வருகிறாள். இடையில் எந்தெந்த இடத்தில் அவள் கையில் எவ்வளவு காசு இருந்தது என்பதை ஷில்லிங் சுத்தமாக எழுதிவைத்திருக்கிறார் பிரான்டே. அந்தக் கணக்கை விட்டுவிட்டு வாசித்தால் பங்களாவும் இருட்டும் மர்மச் சிரிப்பும்தான் மிஞ்சும்.

கணக்கு பத்தாம் அத்தியாயத்தில் சூடுபிடிக்கிறது. லோவுட் என்ற தருமப் பள்ளியில் ஜேன் ஆறு வருடம் மாணவி, இரண்டு வருடம் ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 15 பவுண்டு. வயது பதினெட்டு. வேலை வாங்கித்தர மாமனோ சித்தப்பனோ பக்கத்தில் இல்லை. ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து யோசிக்கிறாள், வழி படிப்படியாகப் புலப்படுகிறது. விளம்பரத்தை எழுது. அதற்கான கட்டணத்தையும் உறைக்குள் வை. உறையின் மேல் ஹெரால்டு பத்திரிகையின் ஆசிரியருக்கு என்று முகவரி எழுது. லோட்டன் ஊர்த் தபாலில் சேர். பதில்கள் ஜே.இ. என்ற முதலெழுத்துகளுக்கு அதே அஞ்சலகத்துக்கு வரட்டும். ஒரு வாரம் கழித்துப் போய் விசாரி. பெயரையோ தங்கும் இடத்தையோ விளம்பரத்தில் அவள் காட்டவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் வேலை கேட்கும் பெண்ணுக்கு எது பாதுகாப்பு என்று யாரும் சொல்லித்தராமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியர் அவர்களே, ஜேன் தன் விடுதலைக்காக எழுதிய கடிதம் உங்களைப் போன்ற ஒருவரின் மேசைக்குத்தான் போயிற்று.

வந்தது ஒரே ஒரு பதில். பத்து வயது நிரம்பாத ஒரு சிறுமிக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்ல வேண்டும், ஆண்டுக்கு 30 பவுண்டு. பள்ளித் தலைமையிடம் ஜேன் சொல்லும் காரணம், சம்பளம் இரட்டிப்பு என்பது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக, சாப்பாடும் தங்குமிடமும் போக, நாளொன்றுக்கு அவள் சம்பாதித்தது ஏறத்தாழ 1 ஷில்லிங் 8 பென்ஸ். வாசிப்பவர்கள் இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு வரும் தொகைகளெல்லாம் தானாகப் பேசும்.

21ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். சாகக்கிடக்கும் அத்தையைப் பார்க்க ஜேன் ஊருக்குப் போக வேண்டும். பர்ஸில் இருப்பது 5 ஷில்லிங், அதாவது மூன்று நாள் சம்பளம். ராசெஸ்டர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். அவர் தர வேண்டிய பாக்கி 15 பவுண்டுதான். சில்லறை இல்லை என்கிறாள் ஜேன். சம்பளத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறாள். அம்பது பவுண்டு கையில் இருந்தால் மூன்று மாதம் வராமல் இருந்துவிடுவாள் என்று அவருக்குப் பயம் வந்து, 10 பவுண்டு மட்டும் தருகிறார். இன்னும் ஐந்து பவுண்டு பாக்கி இருக்கிறது என்று உடனே நினைவூட்டுகிறாள் அவள். 'பாசமா இருக்கற இடத்துல கணக்குப் பாக்கலாமா' என்று கேட்டே பெண்களின் வாயை அடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஜேன் அந்த இடத்தில்தான் கணக்குப் பார்க்கிறாள். அவருக்கும் அவளுக்கும் இடையே அன்பு வளர்வதற்கு அது தடையாக இல்லை.

நாவலின் திருகாணி 24ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சுருக்கப் பதிப்புகளில் அவசரமாகக் கடந்துபோகிற இடமும் அதுவே. நிச்சயம் ஆகிவிட்டது. மில்கோட் ஊர்ப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போய் அரை டஜன் உடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் ராசெஸ்டர். ஜேன் மன்றாடி அதை இரண்டாகக் குறைக்கிறாள். அவர் செவ்வந்திக்கல் நிறப் பட்டையும் இளஞ்சிவப்பு சாட்டினையும் கைகாட்ட, அவள் கறுப்பு சாட்டினும் முத்துச் சாம்பல் பட்டும் போதும் என்று மாற்றுகிறாள். அவர் வாங்க வாங்க அவள் கன்னம் எரிகிறது, எரிச்சலிலும் அவமானத்திலும். கல்யாணத்துக்குப் பிறகும் அதே 30 பவுண்டு சம்பளத்துக்குப் பாடம் சொல்லித் தருவேன், என் துணிமணியை அதிலிருந்தே எடுத்துக்கொள்வேன் என்று அவரிடமே சொல்கிறாள். அப்போதுதான் மடெய்ரா தீவிலிருக்கும் சித்தப்பா ஜான் ஏரின் நினைவு வருகிறது. எவ்வளவு சிறிதானாலும் சொந்தமாக ஒரு வருமானம் இருந்தால் நிம்மதியாக இருக்குமே என்று தோன்ற, வீட்டுக்குத் திரும்பியதும் அவருக்குக் கடிதம் எழுதுகிறாள்.

இந்தக் கடிதம்தான் அவளைக் காப்பாற்றுகிறது. அது மடெய்ராவுக்குப் போய்ச் சேரும்போது, ஜமைக்காவுக்குத் திரும்பும் வழியில் உடம்பு தேற்றிக்கொள்ள அங்கே தங்கியிருந்த மேசன் என்பவர் சித்தப்பாவின் பக்கத்தில் இருக்கிறார். ராசெஸ்டர் தன் வீட்டிலேயே பூட்டிவைத்திருக்கும் மனைவி பெர்த்தாவின் சகோதரர் அவர். ராசெஸ்டருக்கு ஜேனோடு திருமணம் என்று கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுகிறார். 26ஆம் அத்தியாயத்தில் வழக்கறிஞர் பிரிக்ஸ் தேவாலயத்துக்குள் வந்து திருமணத்தை நிறுத்துவது இதன் விளைவு. கட்டுரையாளர் இதை 'விதியின் விளையாட்டு' என்கிறார். விதி எங்கே வந்தது? கணவனாகப் போகிறவரின் பட்டுக்கு மட்டும் உடம்பைக் கொடுக்க மனமில்லாத ஒரு பெண், சொந்தக் காசுக்காக எழுதிய கடிதம் அது. அவள் வாயைத் திறக்காமல் ஆறு பட்டையும் வாங்கிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே மனைவி உள்ள ஒருவருக்குக் கழுத்தை நீட்டியிருப்பாள்.

27இல் ராசெஸ்டர் கெஞ்சுகிறார். பிரான்சின் தெற்கே, கடற்கரையோரம் வெள்ளைச் சுவர் மாளிகை இருக்கிறது, அங்கே என்னோடு வாழ் என்கிறார். நீ போனால் வருத்தப்பட உனக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி ஜேனின் மனதுக்குள்ளேயே எழுகிறது. எனக்கு நான் இருக்கிறேன், எவ்வளவுக்கெவ்வளவு தனியாக இருக்கிறேனோ அவ்வளவுக்கவ்வளவு என்னை நான் மதிப்பேன் என்பது அவளுடைய விடை. கைதட்டல் வாங்கும் வரி இது. பெண்ணியச் சொற்பொழிவுகளில் மேற்கோளாகிறது. அடுத்த பக்கத்தில் அவள் செய்வதை யாரும் சொல்வதில்லை. விடியுமுன் எழுந்து சமையலறையில் பக்கவாசல் சாவியைத் தேடுகிறாள். ஒரு சீசா எண்ணெயும் ஒரு இறகும் எடுத்துச் சாவிக்கும் பூட்டுக்கும் எண்ணெய் தடவுகிறாள், சத்தம் கேட்கக் கூடாதென்று. ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொள்கிறாள். ராசெஸ்டர் கொடுத்த முத்துமாலையைத் தொடவில்லை. பர்ஸில் 20 ஷில்லிங் இருக்கிறது, பன்னிரண்டு நாள் சம்பளம்.

இவ்வளவு யோசித்தவளும் தவறு செய்கிறாள். வண்டிக்காரன் 30 ஷில்லிங் கேட்கிறான். இருப்பது இருபதுதான், அதையும் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறாள். வைட்கிராஸில் இறங்கும்போது துணிமூட்டையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். 28ஆம் அத்தியாயம் முழுக்கப் பசிதான். ஊர்க்காரர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ரொட்டிக்கடைக்காரம்மாவிடம் விசாரிக்கிறாள். ஊசித் தொழிற்சாலை இருக்கிறதாம், ஆண்களுக்கு மட்டும் வேலையாம். பெண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், தெரியாது, ஏழைகள் எப்படியோ பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பதில் வருகிறது. பிறகு கைக்குட்டையையும் கையுறையையும் கொடுத்து ரொட்டி கேட்கிறாள், திருட்டுச் சாமானோ என்று கடைக்காரம்மா வாங்க மறுக்கிறார். பன்றித் தொட்டியில் கொட்டப் போன ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். சுயமரியாதைக்கு என்ன விலை என்பதைப் பிரான்டே மறைக்கவில்லை. வீட்டை விட்டு வெளியேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் எந்தப் பெண்ணுக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. பீடி சுற்றியோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் மிதித்தோ குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த நம் பகுதியில் இந்த அத்தியாயத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மோர்ட்டன் கிராமத்தில் அவளுக்குக் கிடைக்கும் பள்ளி வேலைக்கும் ஆண்டுக்கு 30 பவுண்டுதான், கூடவே இரண்டு அறை வீடு. தொடக்கத்தில் இருபது மாணவிகள். மூன்று பேருக்குத்தான் வாசிக்கத் தெரியும், ஒருவருக்கும் எழுதவோ கணக்குப் போடவோ வராது. அவள் விடைபெறும்போது அறுபது பேர். சம்பளம் ஒன்றே, ஆனால் தார்ன்ஃபீல்டில் அதற்கு மேல் ஒரு முதலாளி இருந்தார், இங்கே ராத்திரி கதவைச் சாத்தினால் வீடு அவளுடையது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

33ஆம் அத்தியாயத்தில் சித்தப்பாவின் சொத்து வருகிறது, 20,000 பவுண்டு. ஜேனின் சம்பளத்தில் அறுநூற்று அறுபத்தாறு வருட வருமானம். அதே சித்தப்பாவுக்கு இன்னொரு பக்கத்தில் உறவானவர்கள், பசித்து வந்த ஜேனுக்கு அடைக்கலம் தந்த செயின்ட் ஜானும் அவர் சகோதரிகள் டயானா, மேரியும்; மூவருக்கும் உயிலில் இறந்தவர் நினைவாக அணியும் துக்க மோதிரம் வாங்க மொத்தம் முப்பது கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) மட்டுமே. ஜேன் சொத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கு 5,000 என்கிறாள். மத்தியஸ்தர் வைத்து, வழக்கறிஞர் வைத்து, மாற்றுப் பத்திரம் எழுதி முடிக்கும்வரை விடவில்லை. இதைத் தியாகம் என்று புகழ்கிறவர்கள், அவள் தன் 5,000ஐ விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் அப்பா காலமானதும் அக்கா தங்கைகளை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கும் ஆவணத்துக்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடக் கூடாதென்று தன் பங்கு முழுவதையும் எழுதிக்கொடுக்கிறாள் பெண். ஜேன் எழுதியது பாகப்பிரிவினை. உறவையும் வைத்துக்கொண்டாள், பங்கையும் வைத்துக்கொண்டாள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் 1989இல்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு சட்டமானது. அதுவும் அன்று திருமணமாகாமல் இருந்தவர்களுக்கு மட்டும். அந்த வேறுபாடு 2005இல் மத்தியத் திருத்தத்தோடு நீங்கியது. ஆனாலும் விடுதலைப் பத்திரங்கள் எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

பணம் வந்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு 34, 35ஆம் அத்தியாயங்கள் விடை சொல்கின்றன. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இதுதான். ஐயாயிரம் பவுண்டு கையில் இருக்கும் ஜேன், செயின்ட் ஜான் என்ற பாதிரியாரின் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாள். ஜெர்மனை விட்டுவிட்டு இந்துஸ்தானி படி என்கிறார், படிக்கிறாள். அவர் அதட்டியதே கிடையாது, அமைதியாகவே மனதின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டார் என்று அவளே சொல்கிறாள். இந்தியாவுக்கு மதப்பணிக்குப் போக வேண்டும், மனைவியாக வா என்கிறார். காதல் இல்லையே என்றால், கல்யாணம் ஆனால் வேண்டிய அளவு அன்பு பின்னாலே வந்துவிடும் என்பது அவர் பதில். இந்த வசனம் இங்கிலாந்தில் எழுதப்பட்டதா, நம் வீட்டுக் கூடத்தில் பேசப்பட்டதா என்று வாசகிகள் திகைக்கும் இடம். ஜேன் சொல்வதைக் கேளுங்கள்: தங்கையாக வருகிறேன், உடன் உழைப்பவளாக வருகிறேன், மனைவியாக வர மாட்டேன். இந்தியாவுக்குப் போவது அவளுக்குப் பயமில்லை. உழைப்பைத் தரச் சம்மதம், உடம்பையும் மனதையும் எழுதிக்கொடுக்கச் சம்மதமில்லை. ராசெஸ்டரின் ஆசை அவளை ஒரு பக்கம் விழுங்கப் பார்த்தது, செயின்ட் ஜானின் கடமை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே பெண் மறுக்கிறாள் என்பதால்தான் இது வெறும் காதல் கதையாக நிற்கவில்லை.

மொழியைப் பற்றி ஒன்று. 37ஆம் அத்தியாயத்தில், பெர்த்தா தார்ன்ஃபீல்டுக்கு வைத்த தீயில் அவள் இறந்துபோக, அதே தீயில் பார்வையும் ஒரு கையும் இழந்த ராசெஸ்டரிடம் ஜேன் தான் இண்டிபெண்டன்ட் என்கிறாள், பணமும் இருக்கிறது, எனக்கு நானே எஜமானி என்கிறாள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழப் போதுமான சொத்து என்றும் பொருள். 'தைரியமான பெண்' என்று மொழிபெயர்த்தால் பாதி போய்விடும். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் நம்மிடமே இருக்கிறது. ராயபுரம், காசிமேடு தேவாலயங்களில் பழைய தமிழ் வேதாகமம் வாசிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் 'சுதந்தரம்' என்றால் வாரிசுச் சொத்து, 'சுதந்தரவாளி' என்றால் வாரிசு. விடுதலையும் பங்கும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கடைசி அத்தியாயத்தின் முதல் வரியும் அப்படித்தான்: வாசகரே, நான் அவரை மணந்துகொண்டேன். 'என்னக் கட்டிக் குடுத்துட்டாங்க' என்று பெண் சொல்வதற்கும் 'நான் அவரக் கட்டிக்கிட்டேன்' என்று சொல்வதற்கும் உள்ள தூரம் தமிழ்ப் பெண்களுக்கு யாரும் அளந்து காட்ட வேண்டியதில்லை. 'எங்களுக்குத் திருமணம் நடந்தது' என்று யாராவது மொழிபெயர்த்தால் நாவலின் முதுகெலும்பே ஒடிந்துவிடும்.

நாவலின் குறையையும் சொல்லியாக வேண்டும். ராசெஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த சீர் 30,000 பவுண்டு. ஜேன் கண்ட மொத்தச் சொத்தைவிட அதிகம். அந்தப் பணம் கணவர் பக்கம் போனது, அவள் மூன்றாம் மாடியில் பூட்டப்பட்டாள். அவளுக்குப் பேச ஒரு வரிகூட பிரான்டே தரவில்லை, விலங்கைப் போல வர்ணிக்கிறார். அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால், மனைவியின் ரொக்கம் தாலி கட்டிய நொடியில் கணவனுடையது. மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. ஆகவே ஜேனின் 5,000 பவுண்டு திருமணத்துக்குப் பிறகு யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு நாவலில் பதில் இல்லை. பிரான்டேவுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. 1854இல் தான் மணந்தபோது, தன் பணம் தனக்கே இருக்கும்படி ஒப்பந்தம் எழுதிவைத்துக்கொண்டார்.

வகுப்பிலும் கிளை நூலக வாசிப்பு வட்டங்களிலும் இதை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு முறையைச் சொல்லலாம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: அத்தியாயம், ஜேனின் கையிலிருந்த காசு, அதைக் கொடுத்தவர், அதற்கு ஈடாக அவர் எதிர்பார்த்தது. நான்காவது கட்டத்தில்தான் விவாதம் பற்றிக்கொள்ளும். மொத்தம் 38 அத்தியாயங்கள். முதலிலிருந்து வரிசையாகத் தொடங்கினால் லோவுட் பள்ளியைத் தாண்டுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும், கடைசி மூன்றில் ஒரு பங்கை மாணவிகள் நோட்ஸில்தான் பார்ப்பார்கள். பொழுது இல்லாவிட்டால் 10, 12, 21, 23, 24, 27, 28, 33, 34, 37 ஆகிய பத்தையாவது முழுமையாக, சுருக்காத பதிப்பில், வாய்விட்டு வாசியுங்கள். பெண்களும் ஆண்களைப் போலவே உணர்கிறார்கள் என்ற புகழ்பெற்ற பகுதி 12இல் வருகிறது. ஜேன் அப்படி நினைத்து மூன்றாம் மாடி நடைவழியில் நடப்பதைச் சொன்ன கையோடு, அங்கே கேட்கும் பெர்த்தாவின் சிரிப்பையும் பிரான்டே அங்கேயே வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஜேன் கடைசிவரை ராசெஸ்டரை 'சார்' என்று அழைப்பதைப் பணிவு என்று மாணவிகள் எழுதுவார்கள். அந்த 'சார்' வரும் வாக்கியங்களில் எத்தனை மறுப்புகள் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

தங்கள் இதழில் இந்நாவலின் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிடும் எண்ணம் இருந்தால், தீப்பிடிக்கும் காட்சியையும் திருமணம் நிற்கும் காட்சியையும் விட்டுவிட்டு, 24ஆம் அத்தியாயத்தின் பட்டுக்கடைப் பகுதியை எடுங்கள். முகூர்த்த மாதத்தில் அது வரட்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துப் போடும் புடவைகளை, விலைச்சீட்டைப் பார்த்தும் பார்க்காமலும் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதை வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய வாசகி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81